மயிரிழை வெளியே

சன்னலை உடைத்தது காற்றில்லை.
இந்தத் தீவில் எது உடைந்தாலும்
முதலில் காற்றைத்தான் சொல்வோம்.
ஒரு கடா.
கண்ணாடிக்குள் நின்ற இன்னொரு கடாவை
நெடுநேரம் முறைத்து,
நாலடி பின்வாங்கி,
முட்டியது.

புதுக் கண்ணாடி இரட்டை;
நடுவில் அடைத்து வைத்த காற்று.
பழைய சட்டத்தின் காடி அதற்கு
ஒரு விரற்கடை போதவில்லை.
ஆகவே புதுச் சட்டம்.
ஆகவே கப்பலில் வந்த பைன் கட்டை நான்கு
(ஃபாரோவில் மரமென்று காட்ட
கல்லறைச் சுவருக்குப் பின்னே ஒதுங்கிய
ஏழெட்டுக் குட்டைகள்தாம்).
ஆகவே சனிக்கிழமை,
ஹெயினியின் படகுக் கொட்டிலில்,
மீன்பெட்டிமேல் விரித்த சாக்கில்
ஐந்து இழைப்புளிகள்.

நிக்கல் பூசியது முதலில் கண்ணைப் பறித்தது.
விரலால் தட்டினேன்.
மணியோசை வரவேண்டிய இடத்தில்
இருமல் வந்தது.
பூச்சுக்கு அடியில் விரிசல்.
ஹெயினி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கனத்த குட்டையன் ஒன்று,
வெண்கல உடம்பு, கருங்காலி ஆப்பு.
கையில் எடுத்தால் கீழே வைக்க மனமில்லை.
ஆனால் அது தோள் சீவும் சாதி:
திருத்தத் தெரியும்,
தொடங்கத் தெரியாது.

"ரன்வா, இதைப் பார்.
எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள்."
நகரும் வேலி, பித்தளை ஆழக்கட்டு,
நார் அறுக்க முன்னால் ஒரு முள்.
தொள்ளாயிரம் குரோனா.
மூக்கில் மூன்று பெயர்கள்,
ஒன்றின் தலைமேல் ஒன்றாய் அறைந்தது;
மூவரும் வலக்கைக்காரர்கள்.
நான் இடக்கை.
அவருடைய மேசையில் கட்டையை வைத்து ஓட்டிப் பார்த்தேன்.
கால் மாற்றிப் போட்ட செருப்பு.
வேலி வெளியில் நின்று
வெறும் காற்றைக் காவல் காத்தது.

நாலாவது சாய்ந்த இரும்பு.
வலமிருந்து ஓட்டினால் தானே மூலையைத் தேடிப் போகும்.
இடமிருந்து ஓட்டினால்
தானே மூலையை விட்டு ஓடும்.

மிஞ்சியது,
வேலியில்லை, முள்ளில்லை, பெயருமில்லை.
நேர் இரும்பு, பீச் மரம்,
ஒரு சாண் துரு.
எப்பக்கம் பிடித்தாலும் ஒரே முகம்.
"அதுவா? ஆப்பு செய்ய வைத்திருந்தேன்."
அறுபது குரோனா, ஒரு பை உலர்ந்த மீன்.
மீனை நான் தரவில்லை. அவர் தந்தார்,
விரிசலுக்காக இருக்கலாம்.

இரவெல்லாம் தீட்டினேன்.
சூட்சுமம் ஒன்றே:
உடலின் பக்கச் சுவரைவிட இரும்பு
ஒரு மயிரிழை வெளியே நிற்கவேண்டும்.
உள்வாங்கினால்,
ஓட்டத்துக்கு ஓட்டம் கொஞ்சம் கொஞ்சமாய் விலகி
காடி படிக்கட்டாகிவிடும்.
மிகையாய் நீட்டினால் சுவரைப் பிறாண்டும்.
கண்ணுக்குத் தெரியாது.
கட்டைவிரல் நகத்தை மேலோட்டினால்
தட்டும்,
தட்டாததுபோல்.

வேலிக்கு ஒரு ரீப்பரை ஆணியடித்தேன்,
என் பக்கத்தில்.
முதல் கட்டை பாழ். அதையும் சொல்லவேண்டும்.
துருவின் குழி ஒன்று வாயில் இருந்திருக்கிறது;
சீவல் முழுக்க நடுவில் ஒரு வரி.
திரும்பத் தீட்டினேன்.
இரண்டாவதில்
சுருள் ஒரே நீளமாய் எழுந்து
முழங்கையில் சுற்றி
அடுப்புவரை போயிற்று.
மூலை கூர்மையாய் நின்றது,
கண்ணாடிக்கு விட்டுவைத்த இடம்.

ஐந்தாவது கட்டைக்குத் தோர்ஸ்ஹவுனுக்குப் போய்வந்தேன்.
செவ்வாய் மாலை சட்டம் பூட்டி
புட்டி பூசி முடித்தேன்.

புதனன்று கடா வந்தது.
இரட்டைக் கண்ணாடியில் இப்போது
இரண்டு கடாக்கள்,
ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாய்,
ஒரு மயிரிழை தள்ளி.
பார்த்தது.
நாலடி பின்வாங்கியது.
நான் உள்ளே, இழைப்புளி இடக்கையில்,
மூச்சுவிடவில்லை.

கணக்குப் போட்டிருக்கவேண்டும்.
குனிந்து
புல்லைக் கடித்தது.